பீடத்தின் படிகள்: திருச்சபைத் தலைமையும் ஊனமுற்ற இளையோரும்

2024 ஆகஸ்ட் மாத இறுதியில் சென்னை அசோக் நகரிலும் சைதாப்பேட்டையிலும் உள்ள இரண்டு அரசுப் பள்ளிகளில் மகாவிஷ்ணு என்னும் ஆன்மிகப் பேச்சாளர் மாணவர்களிடையே உரையாற்றினார். சிலர் பார்வையின்றியும், சிலர் கைகால் குறையோடும், சிலர் வறுமையிலும் பிறப்பதற்கு முற்பிறவியில் செய்த பாவமே காரணம் என்பது அவர் சொன்னவற்றின் சாரம். அவையில் இருந்த பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுந்து அதை எதிர்த்துக் கேட்டார். மேடையில் நின்றவர் ஒலிவாங்கியின் பலத்தோடு அவரை அடக்க முயன்ற காட்சி செப்டம்பர் முதல் வாரத்தில் காணொளியாகப் பரவியது. செப்டம்பர் 7ஆம் நாள் பேச்சாளர் கைது செய்யப்பட்டார். அவர்மீது பதியப்பட்ட பிரிவுகளுள் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92ஆம் பிரிவும் ஒன்று. பொது இடத்தில் ஊனமுற்றவரை வேண்டுமென்றே இழிவுபடுத்துவோருக்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வழிசெய்யும் பிரிவு அது.

அதைத் தொடர்ந்த விவாதம் பகுத்தறிவுக்கும் மூடநம்பிக்கைக்கும் இடையிலான வழக்கமான பட்டிமன்றமாகச் சில நாள் நடந்து ஓய்ந்தது. எழுந்து நின்று கேட்டவர் யார் என்பது அந்த ஆரவாரத்தில் பின்னுக்குப் போயிற்று. கேட்டவர் தம்மைப் பற்றிய அவதூறுக்குத் தாமே மறுமொழி சொன்ன ஓர் ஊனமுற்ற ஆசிரியர். பரிவுகொண்ட பிறர் அவருக்காகப் பேசவில்லை. மேடையைச் சினங்கொள்ள வைத்ததும் அதுவே.

இந்த நிகழ்வில் கிறித்தவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. கர்மக் கொள்கை எங்கள் சமயத்தில் இல்லை என்று சொல்லி எளிதாக விலகிக்கொள்ளலாம். விலகிக்கொண்டவர்களும் உண்டு. அந்த விலகல் எவ்வளவு நேர்மையானது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். திருச்சபைகளின் பெரும்பான்மை உறுப்பினர் தலித்துகளாக இருக்கும் ஒரு மாநிலத்தில், ஊனமுற்ற தலித் இளைஞர் ஒருவர் அந்தச் சபையில் ஆயராகவோ, அருள்பணியாளராகவோ, குருசேகரக் குழு உறுப்பினராகவோ ஆவதற்கு எவை தடையாக நிற்கின்றன என்ற கேள்வி தலித் உரிமை அரசியலுக்கு வெளியே இருப்பதன்று.

பாவக் கணக்கு

பிறப்பின் இழிவை முற்பிறவி வினையாகக் கணக்கெழுதும் முறை, சாதியையும் ஊனத்தையும் ஒரே பேரேட்டில் வைத்தே எழுதியது. மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயத்தில் 201ஆம் சுலோகம் தந்தையின் சொத்தில் பங்கு பெறத் தகுதியற்றவர்களைப் பட்டியலிடுகிறது. சாதியிலிருந்து விலக்கப்பட்டவர், பிறவியிலேயே பார்வையற்றவர், காது கேளாதவர், மனநோயாளர், வாய்பேசாதவர் ஆகியோர் அப்பட்டியலில் அருகருகே நிற்கிறார்கள். அறிவுக்கும் உடலுக்கும் சாதிக்கும் ஒரே தண்டனை. இந்தத் தகுதியின்மையைச் சட்டத்திலிருந்து நீக்கும் வேலை 1928இல் தொடங்கி 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில்தான் முழுமை பெற்றது.

விவிலியத்தில் இதே பேரேடு இல்லையா? யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இவர் இப்படிப் பிறக்கப் பாவம் செய்தது இவரா, இவருடைய பெற்றோரா என்று இயேசுவிடம் வினவுகிறார்கள். இருவரும் இல்லை என்று இயேசு மறுக்கிறார். சபைகளில் சொல்லப்படும் பிரசங்கம் பெரும்பாலும் இங்கே தொடங்கிப் பார்வை கிடைத்த அற்புதத்தோடு முடிந்துவிடும். அதிகாரம் அங்கே முடிவதில்லை. பார்வை பெற்றவரைச் சமயத் தலைவர்கள் அழைத்து விசாரிக்கிறார்கள். அவர் அஞ்சாமல் வாதாடுகிறார். அவர்களிடம் எதிர்க்கேள்வி கேட்கிறார். முழுக்கப் பாவத்தில் பிறந்த நீயா எங்களுக்குப் போதிப்பது என்னும் பொருள்படச் சொல்லி அவரை வெளியே தள்ளுகிறார்கள். பார்வை வந்த பிறகும் பிறப்பின் பழி போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் குருடராக இருந்ததை அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். அவர் போதகராக ஆனதைத்தான் பொறுக்க முடியவில்லை. அசோக் நகர் விவகாரத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாகத் தோன்றாது.

இன்றைய சபைகளில் பாவக் கணக்கு வேறு சொற்களில் தொடர்கிறது. 'சாபக்கட்டு', 'முன்னோர் பாவம்', 'விசுவாசக் குறைவு' என்பன அச்சொற்கள். சென்னைப் புறநகர்ச் சாலைகளில் ஒட்டப்படும் சுகமளிக்கும் கூட்டச் சுவரொட்டிகளில் சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் தவறாமல் இடம்பெறும், தூக்கி எறியப்பட வேண்டிய பொருள்களாக. கூட்டத்திற்கு அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர் நடக்காமல் திரும்பினால் குறை அவருடைய விசுவாசத்தின்மீது ஏற்றப்படுகிறது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் பார்வையின்மை, காது கேளாமை, வலிப்பு, பக்கவாதம் ஆகியன அடங்கியுள்ளன. மந்திரம், தாயத்து போன்றவற்றால் இவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வது குற்றம். பிரார்த்தனைக் கூட்டங்கள் இச்சட்டத்தின்கீழ் வருமா என்பது வழக்காடத்தக்க கேள்வி.

எந்தச் சமயமும் இதில் விலக்கன்று. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் கருகி இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டது குடும்பங்களின் கொடுமை மட்டுமன்று; குணமாகும் என்ற நம்பிக்கையும்தான்.

சுகத்துக்காக மன்றாடுவதைக் குறை சொல்வது இங்கு நோக்கமில்லை. ஓர் இளைஞர் சபைக்குள் நுழைந்த நாள் முதல் 'ஜெபக் குறிப்பு' ஆகவே பார்க்கப்பட்டால், அவர் ஜெபத்தை நடத்துபவராக ஆவது எப்படி என்பதே கேள்வி.

அணுகக் கூடாதவர்

ஆசாரியர் குலத்தில் பிறந்தவராயினும் பார்வையற்றவரோ, முடவரோ, கூனரோ பலி செலுத்தப் பீடத்தை அணுகலாகாது என்று லேவியராகமத்தின் 21ஆம் அதிகாரம் விதிக்கிறது. அவர் பரிசுத்த உணவை உண்ணலாம், பரிமாறக் கூடாது. இந்த விதி பழைய ஏற்பாட்டோடு முடிந்துபோனது என்று பலர் எண்ணுகிறார்கள். 1917ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 984ஆம் விதி அதைச் சட்டமொழியில் மீண்டும் எழுதியது. உடல் வலுக்குறைவால் பாதுகாப்பாகவோ, உருக்குலைவால் கண்ணியமாகவோ பீடப்பணி ஆற்ற இயலாதவர் குருத்துவத்திற்கு ஏற்றவரல்லர் என்றது. வலிப்பு நோயாளர், மனநோயாளர், பேய்பிடித்தவர் ஆகிய மூவரையும் அடுத்த உட்பிரிவில் ஒன்றாகக் கட்டியது. முறையற்ற உறவில் பிறந்தவர்கள் என்று கருதப்பட்டோரும் அதே விதியில் விலக்கப்பட்டார்கள். பிறப்பின் தூய்மை, உடலின் முழுமை என்ற இரண்டு அளவுகோல்கள் ஒரே விதியில் இருந்ததைத் தலித் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

1983ஆம் ஆண்டின் புதிய தொகுப்பு உடற்குறை பற்றிய தடையை நீக்கிவிட்டது. மனநலம் சார்ந்த தடை, வல்லுநர் கருத்தைக் கேட்ட பிறகே முடிவுசெய்ய வேண்டும் என்ற நிபந்தனையுடன், 1041ஆம் விதியில் தொடர்கிறது. குருமாணவரின் உடல், உள நலம் குறித்து விசாரிக்க வேண்டும் என்று வேறு விதிகளும் சொல்கின்றன. ஆகவே சட்டம் வெளிப்படையாகத் தடுப்பதில்லை. சான்றளிப்பவரின் விருப்பத்திற்கு விட்டுவிடுகிறது. சாதி விலக்கும் பல மறைமாவட்டங்களில் இப்படித்தான் இயங்கியது. எழுதப்பட்ட விதி எதுவும் இல்லாமலே ஒரு சமூகத்தின் பிள்ளைகள் குருமடத்து வாயிலில் பல தலைமுறை நின்றார்கள். பூலா அந்தோணி 2022இல் கர்தினால் ஆனபோதுதான் இந்தியத் தலித் ஒருவர் அந்த நிலையை முதன்முறையாக எட்டினார்.

சட்டம் மாறி நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 மே 2ஆம் நாள், திருச்சூர் வியாகுல மாதா பேராலயத்தில் ஜோசப் தேர்மடம் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பிறவியிலேயே காது கேளாத அவர் திருச்சிலுவைச் சபையைச் சேர்ந்தவர். இந்தியாவில் காது கேளாத ஒருவர் கத்தோலிக்கக் குருவானது அதுவே முதன்முறை. அதற்கு முன் அவர் அமெரிக்காவில், காது கேளாதோர் பணிக்கென்றே அமைந்த ஒரு துறவற அவையில் பயின்றார். அந்த அவையை நிறுவிய தாமஸ் காக்லினும் காது கேளாதவர்தாம். 1977இல் வட அமெரிக்காவின் முதல் காது கேளாத குருவானவர். தென்னாப்பிரிக்காவில் சிரில் ஆக்செல்ராட் அவருக்கும் முன்பே, 1970இல் குருவானார். நிறவெறி ஆட்சிக்காலத்தில் கறுப்பினக் காது கேளாதோரிடையே பணியாற்றிய அவர், பின்னாளில் பார்வையையும் இழந்தார், பணியை விடவில்லை.

இந்த மூன்று வரலாறுகளிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இந்திய இளைஞர் ஒருவருக்கு வழி திறந்தது, வேறொரு காது கேளாதவர் வேறொரு நாட்டில் ஏற்கெனவே தலைமைக்கு வந்திருந்ததனால். கேட்கும் திறனுள்ளோர் நடத்தும் குருமடத்தில் சைகைமொழி அறிந்த ஒரு பேராசிரியர்கூட இல்லாதபோது, இறையழைத்தல் இருந்தும் என்ன பயன்?

சீர்திருத்தச் சபைகளில் திருச்சபைச் சட்டம் இவ்வளவு விரிவாக இல்லை. 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் ஓர் இளைஞர் ஆயராக வேண்டுமானால் குருசேகரத்தின் பரிந்துரை, திருமண்டலத்தின் நேர்காணல், இறையியல் கல்லூரிக்கான ஆதரவுக் கடிதம், பின்னர் பயிற்சி ஊழியம் என்று வரிசையாகப் பல வாயில்களைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு வாயிலிலும் எழும் கேள்வி ஒன்றுதான்: கிராமம் கிராமமாக அலைய முடியுமா? ஆயர்களுக்கு இருசக்கர வண்டி தேவைப்பட்ட காலத்தில் வண்டி தந்தார்கள். மகிழுந்து தேவைப்பட்டபோது மகிழுந்து தந்தார்கள். அவை ஊழிய வசதிகள். சக்கர நாற்காலி ஏறக்கூடிய வாகனம் கேட்டால் மட்டும் அது சலுகையாகிவிடுகிறது. உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் சொன்னது இதைத்தான்: தகுந்த இசைவு அளிப்பது கருணையன்று, சமத்துவத்தின் உள்ளடக்கம், மறுப்பது பாகுபாடு.

பள்ளி கொடுத்தார்கள்

திருச்சபை இத்துறையில் ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதினால் அது பொய். இந்தியாவில் பார்வையற்றோருக்கான முதல் பள்ளியை 1887இல் அமிர்தசரசில் தொடங்கியவர் ஆனி ஷார்ப் என்ற மிஷனரி. பாளையங்கோட்டையில் 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளியையும், 1897இல் பிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் காது கேளாதோர் பள்ளியையும் நிறுவினார்கள். சென்னையில் மயிலாப்பூர் சாந்தோம் பகுதியிலுள்ள தென்னிந்தியத் திருச்சபையின் காது கேளாதோர் பள்ளியும், சிறுமலர் கன்னியர் மடத்தின் பள்ளிகளும் தலைமுறைகளைப் படிக்க வைத்தன. அரசு கண்ணெடுத்தும் பார்க்காத காலத்தில் செய்த பணி அது.

அந்தப் பள்ளிகளில் பயின்று வேலைக்குச் சென்றவர் பலர். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்தபோது எங்கே அமர்த்தப்பட்டார்கள்? பாடகர் குழுவில் இடம் கிடைத்தது. பார்வையற்றவர் பாடுவது சபையாருக்குப் பிடித்திருந்தது. கிறிஸ்துமஸ் அன்று நலத்திட்ட மேடையில் இடம் கிடைத்தது, பெறுபவராக. நிதிக்குழுவில் கிடைக்கவில்லை. தலித் மக்களுக்கும் இதே மிஷனரிகள் பள்ளி தந்தார்கள். சபை ஆட்சி நெடுங்காலம் யாருடைய கையில் இருந்தது என்பது இத்தளத்தின் வாசகர் அறிந்ததே. கல்வியைக் கொடையாகத் தரும் அமைப்பு, கொடை பெற்றவரை முடிவெடுப்பவராக ஏற்கத் தயங்கும். இரண்டு வரலாறுகளும் இந்த ஒரு புள்ளியில் அச்சாக ஒத்துப்போகின்றன.

விதிவிலக்காக எப்போதும் காட்டப்படுபவர் மருத்துவர் மேரி வர்கீஸ். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் மருத்துவராக இருந்த அவர், 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் இயக்கத்தை இழந்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையை உருவாக்கித் தலைமை தாங்கினார். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவரைப் பற்றிய பிரசங்கங்கள் அவருடைய மனவுறுதியைப் போற்றும். அறுவை அரங்கின் மேசை உயரத்தையும் பணி முறையையும் அவருக்கேற்ப மாற்றத் துணிந்த சக மருத்துவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. அவர் கேரளத்துச் சிரியன் கிறித்தவக் குடும்பத்திலிருந்து வந்து மருத்துவப் பட்டமும் பெற்றிருந்தவர் என்பதையும் பேசுவதில்லை. அதே ஆண்டில் அதே விபத்து வேலூர் மாவட்டத்துச் சேரி ஒன்றின் தோல்பதனிடும் தொழிலாளிக்கு நேர்ந்திருந்தால், மறுவாழ்வுத் துறைத் தலைவராகும் பேச்சே எழுந்திராது. இது மேரி வர்கீசின் பெருமையைக் குறைப்பதன்று. ஒரு நிறுவனம் மாற விரும்பினால் எதையெல்லாம் மாற்ற முடியும் என்பதற்கு அவர் சான்று. யாருக்காக மாற விரும்பியது என்பதற்கும் சான்று.

எண்ணப்படாதவர்கள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஊனமுற்றோர் 2.68 கோடிப் பேர், தமிழ்நாட்டில் 11.79 லட்சம். பட்டியல் சாதியினரிடையே ஊனமுற்றோர் விகிதம் 2.45 விழுக்காடு. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அல்லாதோரிடையே அது 2.18. வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஊட்டக்குறைவு, தடுப்பூசி சென்று சேராமை, கல்குவாரி, செங்கல்சூளை, தோல்பதனிடும் தொழில், கழிவுநீர்க் குழி ஆகிய எல்லாம் அந்தப் புள்ளிவேறுபாட்டுக்குள் அடங்கியிருக்கின்றன. கால் பங்கு விழுக்காட்டின் பின்னே பல லட்சம் உடல்கள் உள்ளன.

இந்த எண்ணிலும் தலித் கிறித்தவர் இல்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்ட பின்னரும், கிறித்தவரான தலித்தைப் பட்டியல் சாதியினராக ஏற்பதில்லை. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் வைக்கப்பட்டுள்ளார். ஆகவே ஊனமுற்ற தலித் கிறித்தவர் ஒருவர் கணக்கெடுப்பின் ஊனமுற்றோர் வரிசையில் வருவார், தலித் வரிசையில் வரமாட்டார். 2016 சட்டம் அரசு வேலையில் தரும் 4 விழுக்காடு ஒதுக்கீடு குறுக்குவாட்டில் செல்வது; அதாவது அவரவர் சாதிப் பிரிவின் கணக்கிலேயே இடம் வரும். தலித் என்பதால் அவர் அனுபவித்த இழப்பு அந்தக் கணக்கில் ஏறுவதில்லை.

சாதியும் பாலினமும் ஊனமும் ஓர் உடலில் சந்திக்கும்போது சட்டம் எப்படித் தடுமாறுகிறது என்பதை 2021 ஏப்ரல் 27ஆம் நாள் வந்த பட்டான் ஜமால் வலி வழக்கின் தீர்ப்பு காட்டுகிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர் பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண். ஒடுக்குமுறைகள் தனித்தனியே வருவதில்லை, பின்னிப்பிணைந்தே வருகின்றன என்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பில் விரிவாக எழுதியது. எழுதிய பிறகும், குற்றம் சாதியின் காரணமாக நிகழ்ந்தது என்பதற்குத் தனிச் சான்று இல்லையென்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனையை நீக்கியது. மற்றக் குற்றத்திற்கான வாழ்நாள் சிறை நிலைத்தது. பின்னிய கயிற்றின் ஒரு புரியை மட்டும் தனியே இழுத்துக் காட்டு என்று கேட்பது போன்றது இது.

சென்னையில் இந்தப் பின்னலைக் காண நெடுந்தூரம் போக வேண்டாம். அசோக் நகரை அடுத்த கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. செயற்கைக் கால் பொருத்திக்கொள்ள மாநிலத்தின் பல பகுதிகளிலிருந்தும் ஏழைகள் அங்கே வருகிறார்கள். 2015 ஜூன் 29 முதல் இயங்கும் அசோக் நகர் மெட்ரோ நிலையத்தில் மின்தூக்கி உண்டு. ஆனால் அதே 2015இன் பெருவெள்ளத்திற்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. அங்கே மின்தூக்கி பழுதானால் ஊன்றுகோலோடு மேல்தளத்தில் வாழும் இளைஞருக்கு வீடே சிறை. அவர் வளர்ந்த சபை ஆற்றங்கரையில் நின்றுவிட்டது. வாலிபர் ஐக்கியத்தின் கூட்டம் அங்கே வழக்கம்போல் மாடி அறையில் நடக்கிறது.

யார் பேசுவது

1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் பி. நிர்மல் ஆற்றிய உரை தலித் இறையியலின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. பின்னர் அவர் சென்னை கீழ்ப்பாக்கத்திலுள்ள குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் தலித் இறையியல் துறையை வழிநடத்தினார். தலித் இறையியல் தலித்துகளைப் பற்றியதாகவோ தலித்துகளுக்கானதாகவோ மட்டும் இருந்தால் போதாது, தலித்துகளால் படைக்கப்பட வேண்டும். நோவை அறிந்தவரே அதன் பொருளைச் சொல்லவல்லவர் என்பது அவருடைய நிலைப்பாடு. உலக ஊனமுற்றோர் இயக்கம் 'எங்களைப் பற்றி எதுவும் எங்களின்றி வேண்டாம்' என்று முழங்குவதும் இதே தர்க்கம்தான்.

அமெரிக்க இறையியலாளர் நான்சி ஐஸ்லேண்ட், பிறவியிலேயே எலும்புக் குறைபாடு கொண்டவர், 1994இல் 'ஊனமுற்ற கடவுள்' என்ற நூலை வெளியிட்டார். உயிர்த்தெழுந்த கிறிஸ்து காயங்கள் மறைந்த உடலோடு வரவில்லை. ஆணித் தழும்புகளோடும் விலாக் காயத்தோடும் வந்தார் என்பது அவர் வாதத்தின் மையம். நிர்மல் தலித் கிறிஸ்துவைக் கண்டதும் ஐஸ்லேண்ட் ஊனமுற்ற கிறிஸ்துவைக் கண்டதும் தழும்புகளிலிருந்துதான். இரண்டு மரபுகளும் ஒன்றையொன்று இன்னும் போதிய அளவு வாசிக்கவில்லை. உலகத் திருச்சபைகள் மன்றத்தின் 1998 ஹராரே பேரவையில் உருவான ஊனமுற்றோர் வலையமைப்பும், அதன் வழியாக 2003இல் வந்த 'எல்லோருடையதும் எல்லோருக்குமானதுமான திருச்சபை' என்ற அறிக்கையும் நமது இறையியல் கல்லூரிகளில் மேலும் விரிவாகப் படிக்கப்பட வேண்டியவை. கென்யாவைச் சேர்ந்த பார்வையற்றவரான சாமுவேல் கபுவே அந்த வலையமைப்பை நெடுங்காலம் வழிநடத்தினார் என்பதும் சொல்லத்தக்கது.

2005ஐ ஒட்டி அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 'சின்ஸ் இன்வாலிட்' என்ற கலைக்குழுவைச் சுற்றித் திரண்ட ஊனமுற்ற கறுப்பினத்தவரும் பிற நிறத்தவரும் பால்புதுமையினரும் 'ஊனநீதி' என்ற கருத்தை முன்வைத்தார்கள். அதுவரையிலான உரிமை இயக்கம் வெள்ளையரான, வேலை பெறும் வாய்ப்புள்ள ஊனமுற்றோரின் இயக்கமாகவே இருந்தது என்பது அவர்கள் விமர்சனம். அவர்கள் வகுத்த பத்துக் கொள்கைகளில் ஒன்று, மிக அதிகம் பாதிக்கப்பட்டோரே தலைமை தாங்க வேண்டும் என்பது. நம் மாநிலத்தில் அதன் பொருள் நேரானது. சபையில் ஊனமுற்றோர் பிரதிநிதி என்று ஒருவரை அமர்த்தும்போது, ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரை அமர்த்திக் கடமையை முடித்துக்கொள்ள முடியாது.

இந்த விமர்சனம் நம்மையும் சுடும். தலித் இயக்கங்களின் மேடைகளில் சரிவுப்பாதை கண்டவர் எத்தனை பேர்? ஆர்ப்பாட்ட உரைகளில் 'குருட்டு அரசு', 'செவிட்டு நிர்வாகம்' என்னும் தொடர்கள் கைதட்டல் பெறுகின்றன. அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று தொடங்கிய இதழுக்கு 'மூக்நாயக்', ஊமைகளின் நாயகன், என்று பெயரிட்டார். குரல் மறுக்கப்பட்ட மக்களின் நிலையைச் சொல்ல அந்த உருவகம் அன்று தேவைப்பட்டது. இன்று காது கேளாத தலித் மாணவி ஒருவர், எனக்கு மொழி இருக்கிறது, அது கையில் இருக்கிறது, நீங்கள்தான் கற்கவில்லை என்று சொன்னால், அம்பேத்கரின் மாணவர் என்ற முறையில் நாம் அதைக் கேட்டாக வேண்டும்.

பெயர்களின் அரசியலும் நமக்குப் பழகியதே. 'ஹரிஜன்' என்ற பெயர் மேலிருந்து வந்தது. 'தலித்' உள்ளிருந்து எழுந்தது. 2015 டிசம்பரில் பிரதமர் முன்மொழிந்த 'திவ்யாங்' என்ற சொல்லை, தெய்வீக உறுப்புடையோர் என்ற பொருளுக்காகவே பல ஊனமுற்றோர் அமைப்புகள் எதிர்த்தன. கருணாநிதி ஆட்சிக்காலத்தில் வழக்கிற்கு வந்த 'மாற்றுத்திறனாளி' பரவலாக ஏற்கப்பட்டுவிட்டாலும், தடையை உண்டாக்குவது சமூகம் என்பதை அது மறைக்கிறது என்று கருதி 'ஊனமுற்றோர்' என்பதையே விரும்புவோரும் உள்ளனர். இக்கட்டுரை இரண்டையும் ஆள்கிறது. விவிலிய மொழிபெயர்ப்பிலும் இந்த நகர்வைக் காணலாம். பழைய மொழிபெயர்ப்பின் 'சப்பாணி', 'குருடர்' என்பவை 1995இன் பொது மொழிபெயர்ப்பில் 'கால் ஊனமுற்றோர்', 'பார்வையற்றோர்' என்று மாறின. பல சபைகளின் வாசிப்புப் பீடத்தில் இன்றும் பழையதே திறந்திருக்கிறது.

இருக்கையும் சரிவும்

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கும் சட்டத் திருத்தங்களை நிறைவேற்றியது. கிராம ஊராட்சிகளில் மட்டும் 12,913 பேர் இதனால் இடம்பெறுவர் என்று அரசு அறிவித்தது. நியமனம் தேர்தலாகாது, நியமிப்பவரின் கட்சிக்கு நன்றிக்கடன் படும் இடர் அதில் இருக்கிறது. அந்தக் குறையோடும்கூட, ஊராட்சிக் கூட்டத்தில் ஊனமுற்றவர் ஒருவர் அமர்ந்திருப்பார் என்பதை மாநிலம் சட்டமாக்கிவிட்டது. திருச்சபைகள் இன்னும் அந்தப் பேச்சைத் தொடங்கவில்லை. லுத்தரன் உலக சம்மேளனம் 1984இலேயே தன் அமைப்புகளில் 40 விழுக்காடு பெண்களும் 20 விழுக்காடு இளையோரும் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அந்தச் சூத்திரத்தில் ஊனமுற்றோருக்கு எண் இல்லை. இளையோருக்கான இருபதில் ஓர் ஊனமுற்ற இளைஞர் தாமாக வந்து சேர்வார் என்று எண்ணுவது, பொதுத்தொகுதியில் தலித் தாமாக வென்றுவிடுவார் என்று எண்ணுவதைப் போன்றது.

குருசேகரக் குழுவிலும் பங்குப்பேரவையிலும் கேட்கப்பட வேண்டியவை பெரிய தத்துவங்கள் அல்ல. இளையோர் இடங்களில் ஒன்று ஊனமுற்றோருக்கு என்று விதியில் எழுதப்பட வேண்டும். இறையியல் கல்லூரிக்கு ஆதரவுக் கடிதம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மருத்துவச் சான்று, என்ன இயலாது என்று சொல்வதோடு நில்லாமல், என்ன வசதி செய்தால் இயலும் என்றும் சொல்ல வேண்டும். வாலிபர் முகாம் ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ என்று முடிவெடுக்கும் முன், சபையின் சக்கர நாற்காலி இளைஞரிடம் கேட்க வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கை அற்பமாகப் படலாம். சபைத் தலைவர்கள் உருவாவது அத்தகைய முகாம்களில்தான். யார் யாருக்கு நண்பர், யார் அடுத்த செயலர் என்பவை இரவுத் தீமூட்டலைச் சுற்றித்தான் முடிவாகின்றன.

கட்டடங்களைப் பொறுத்தவரை கெஞ்ச வேண்டிய நிலையே இல்லை. 2016 சட்டத்தின் இரண்டாம் பிரிவு 'பொதுக் கட்டடம்' என்பதை வரையறுக்கும்போது, பொதுமக்கள் பயன்படுத்தும் தனியார் கட்டடங்களையும், சமயச் செயல்பாடுகளுக்கான கட்டடங்களையும் வெளிப்படையாகச் சேர்த்துள்ளது. விதிகள் வெளியான ஐந்தாண்டுக்குள் ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்கள் எல்லாம் அணுகத்தக்கவையாக மாற்றப்பட வேண்டும் என்கிறது 45ஆம் பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022 ஜூனில் முடிந்தது. அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரைகளாக இருக்க முடியாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்பளித்தது. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் ஆலயத்துக்கும் இது பொது. முறையீட்டை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையருக்கு உண்டு. ஆணையரகம் சென்னைக் காமராசர் சாலையில், லேடி வெலிங்டன் கல்லூரி வளாகத்தில் இயங்குகிறது. முறையீடு எழுதக் கல்லூரி மாணவருக்கு வழக்கறிஞர் தேவையில்லை.

அதே காமராசர் சாலையை ஒட்டிய மெரினாவில் 2022 நவம்பரில் சக்கர நாற்காலிகள் அலைக்கருகே செல்ல மரப்பாதை அமைக்கப்பட்டது. சில நாள்களிலேயே புயலில் சேதமடைந்தது, செப்பனிடப்பட்டது. கடற்கரை மணலிலேயே பாதை போட முடிந்திருக்கிறது.

ஆலய வாயிலுக்குச் சரிவுப்பாதை அமைத்துவிட்டோம் என்று சொல்லும் சபைகள் இப்போது உள்ளன. வரவேற்கத்தக்கதே. அந்தப் பாதையில் உள்ளே வரும் இளைஞர், வாசகம் படிக்கவோ பிரசங்கிக்கவோ திருவிருந்து பரிமாறவோ வேண்டுமானால், பீடத்திற்கு முன் இன்னும் மூன்று படிகள் இருக்கும். படி ஒன்றுக்கு 15 சென்டிமீட்டர் என்றால் மொத்த உயரம் 45 சென்டிமீட்டர். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற தர அளவின்படி அதற்கு வேண்டிய சரிவுப்பாதையின் நீளம் 5.4 மீட்டர். முன்வரிசையில் இரண்டு நீள்இருக்கைகளை எடுத்தால் இடம் கிடைத்துவிடும். அந்த இருக்கைகளில் வழக்கமாக அமர்பவர் யார் என்பதை அந்தந்தச் சபையார் அறிவர்.